உருண்டு வந்த சொல்

மும்பையில் மாட்டுங்காவை அறிந்தவர்கள் கிங்ஸ் சர்க்கிளையும் அறிவர். நடுவே வட்டமான ஒரு பூங்கா; அதனைச் சுற்றிச் செல்லும் சாலை; சாலையோரத்தில் இட்லியும் காபியும் மணக்கும் உணவுச்சாலைகள். 1896-ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கியது. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டுக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. அவ்வமைப்பு வடக்கே புதிய குடியிருப்புகளை வகுத்தபோது உருவான பகுதி இது. பூங்காவுக்கு மகேசுவரி உத்தியான் என்று பெயர் மாறி நெடுங்காலம் ஆயிற்று. அருகிலுள்ள இரயில் நிலையத்தின் பெயரையும் மாற்ற வேண்டுமென 2024-ஆம் ஆண்டில் மகாராட்டிரச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் சண்முகானந்த மண்டபத்துக் கச்சேரிக்கு வழி கேட்பவரும், வழி சொல்பவரும் சர்க்கிள் என்றே சொல்லி வருகின்றனர். அரசர் போனாலும் வட்டம் போகவில்லை.

அவ்விடத்தில் கால் நாழிகை நின்று, காதை மட்டும் திறந்து வைத்துக் கேட்டால் ஒரு வேடிக்கை புலப்படும். பழக் கடைக்காரர் தம் பழத்தைக் 'கோல்' என்பார். பள்ளிப் பிள்ளை தன் பந்தை 'ரவுண்டு' என்பான். வண்டியோட்டி 'சர்க்கிள்' என்பார். திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் முதியவள் ஒருத்தி மட்டும் பூங்காவைப் பார்த்து, "வட்டமா இருக்கே" என்று வியப்பாள். ஒரே வடிவத்துக்கு நான்கு சொற்கள். அவற்றுள் ஒன்றுதான் தமிழர் வீட்டிலிருந்து வந்தது. இவற்றுள் 'ரவுண்டு' என்பதை இன்று எடுத்துக்கொள்வோம். அது எங்கிருந்து உருண்டு வந்தது, வழியில் எந்தெந்தப் பொருள்களைத் தன்மேல் ஒட்டிக்கொண்டது, நம் வீட்டுக்குள் வந்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்பனவே நம் பேச்சு.

இலத்தீன் மொழியில் 'ரோட்டா' என்றால் சக்கரம். அதனடியாகப் பிறந்தது 'ரொட்டுந்துஸ்' என்னும் பெயரடை. சக்கரம் போன்றது, உருண்டையானது என்பது பொருள். உரோமப் பேரரசு சிதைந்து இலத்தீன் பல மொழிகளாகப் பிரிந்தபோது இச்சொல்லும் பல முகங் கொண்டது. இத்தாலியர் 'ரொத்தொந்தோ' என்றனர். இசுப்பானியர் 'ரெதொந்தோ' என்றனர். பிரெஞ்சுக்காரர் இடையிலுள்ள ஒலிகளை விழுங்கி 'ரோன்' என்று குறுக்கினர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வடிவம் கடல் கடந்து ஆங்கிலத்தில் 'ரவுண்டு' ஆயிற்று. ஆங்கிலேயரோடு அது நம் நாட்டுக்கும் வந்தது.

இலத்தீனின் ரோட்டாவுக்கு வடமொழியில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அதுவே 'ரத' என்பது. ஒரு தாயின் வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒன்று சக்கரத்துக்குப் பெயராக நின்றது. மற்றொன்று சக்கரத்தின்மேல் ஓடும் தேருக்குப் பெயராயிற்று. செர்மானியர் சக்கரத்தை 'ராட்' என்று வழங்குவதும் இந்த உறவால்தான். ஆகவே ரத வீதியில் குடியிருந்த பாட்டனாரும், பந்தை ரவுண்டு என்று சொல்லும் பெயரனும், தாம் அறியாமலே ஒரு வேரைத் தொடுகின்றனர். தேர் என்பதும் ஆழி என்பதும் நம்முடைய சொற்கள். அவற்றுக்கு இந்த உறவு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ரோட்டா என்றவுடன், ரொட்டியும் அதற்கு உறவோ என்று தோன்றும். இரண்டும் வட்டம், ஒலியும் ஒத்திருக்கிறது. ஆயினும் ரொட்டி என்பது வடமொழி 'ரோடிகா' என்பதன் வழியாக வந்தது. உரோமானியரின் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்தவற்றையெல்லாம் உறவாக்கும் ஆசை சொல்லாராய்ச்சியில் புகுந்தோரை எளிதில் விடாது. தமிழரிடையே அந்த ஆசை சற்று மிகுதி என்பதும் நம் கருத்து.

ரொட்டுந்துஸ் தன் பொருளை எவ்வாறு விரித்தது என்பதைப் பார்ப்போம். உரோமானியருக்கு அது வடிவத்தை மட்டும் குறிக்கவில்லை. மூலைகள் தேய்ந்து வழுவழுப்பானதும், குறையற்று நிறைந்ததும் ரொட்டுந்துஸ்தான். கிரேக்கர் பேச்சு வட்டமான வாயிலிருந்து வருவது என்று கவிஞர் ஓராசு புகழ்ந்தார். நிறைவான, செம்மையான உச்சரிப்பு என்பது கருத்து. வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்வோர்க்கு இது பொருத்தமான பாராட்டு. ஆனால் அதே சொற்றொடரிலிருந்து ஆங்கிலத்தில் பிறந்த 'ஓரோட்டண்டு' என்பது நாளடைவில் வெறும் ஆரவாரப் பேச்சைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகவும் ஆயிற்று. புகழ் உருண்டு இகழாவதும் சொற்களின் விதி போலும்.

உரோமாபுரியிலுள்ள பாந்தியன் என்னும் பழங்கோயிலை அட்ரியன் என்ற பேரரசர் ஏறத்தாழ கி.பி. 126-இல் கட்டி முடித்தார். அதன் கவிமாடத்தின் குறுக்களவு 43 மீட்டருக்குச் சற்று மேல். தரையிலிருந்து உச்சி வரையுள்ள உயரமும் அவ்வளவே. உள்ளே ஒரு பெரும் பந்தை வைத்தால் அது தரையையும் உச்சியையும் தொட்டு நிற்கும். 609-இல் அது கிறித்தவத் தேவாலயமாயிற்று. மக்கள் அதனை 'ரொத்தோந்தா' என்றே அழைத்தனர். முன்னுள்ள சதுக்கத்துக்கு இன்றும் அப்பெயரே. நம் பக்கத்தில் பீசப்பூர்க் கோல் கும்பசின் பெயரைக் கேட்போரும் அதன் வட்டமான கவிமாடத்தையே நினைக்கின்றனர்.

எழுத்திலும் இச்சொல்லுக்கு இடம் உண்டு. இடைக்கால இத்தாலியில் ஏடு எழுதுவோர், வடக்கே வழங்கிய கூரிய கோண எழுத்தை விடுத்து வளைந்த எழுத்தொன்றைப் பயின்றனர். அதற்கும் 'ரொத்தோந்தா' என்று பெயர். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வழங்கிய வட்டெழுத்து உடனே நம் நினைவுக்கு வருகிறது. வட்டெழுத்து என்ற பெயருக்கு வேறு விளக்கம் கூறுவோரும் உளர்; எனினும் அதன் உருவத்தைக் கல்வெட்டில் கண்டவர்க்கு வட்டம் என்பதே முதலில் தோன்றும்.

சிறு சக்கரம் என்று பொருள்படும் 'ரோட்டுலுஸ்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. சுருட்டி வைத்த ஏட்டுக்கு அது பெயராயிற்று. அதிலிருந்து வந்ததே 'ரோல்'. பள்ளியில் பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்த சுருள் ஏட்டில் ஒருவனுடைய வரிசை எண் 'ரோல் நம்பர்' ஆயிற்று. நடிகனுக்கு உரிய வசனத்தை எழுதிக் கொடுத்த சுருள், அவன் ஏற்ற பாத்திரத்துக்கே பெயராயிற்று. கணக்கைச் சரிபார்க்க எதிராக வைத்த மற்றொரு சுருள் 'கண்ட்ரோல்' என்பதைத் தந்தது. ஆதலின் நாடக மேடையில் வேடமிட்டவரும், பங்கீட்டுக் காலத்தில் கண்ட்ரோல் அரிசிக்கு வரிசையில் நின்றவரும் ஒரு சிறு சக்கரத்துக்குக் கடன்பட்டவர்களே. சிகாகோவில் 1905-இல் தோன்றிய ரோட்டரி சங்கமும், உறுப்பினர் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியதால் அப்பெயர் பெற்றது.

மொழிக்கு மொழி பொருள் மாறுவது இன்னும் சுவையானது. இசுப்பானியத்தில் ஒரு வாணிகம் ரெதொந்தோ என்றால் முழு ஆதாயம் தந்தது என்று பொருள். பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் ஒருவன் 'ரோன்' என்றால் நன்றாகக் குடித்திருக்கிறான் என்று பொருள். நம்மவரும் அந்த இடத்தில் 'இரண்டாவது ரவுண்டு' என்று கணக்கிடுவதைக் கேள்வியுற்றிருக்கிறோம். ஆங்கிலத்தில் 'ரோட்டண்டு' என்பது பருத்த உடலைச் சுட்டும் சொல். தமிழில் நாம் குண்டு என்போம். போர்த்துக்கல் நாட்டிலோ 'ரொட்டுந்தா' என்பது சாலைகள் கூடும் இடத்திலுள்ள வட்டச் சந்தியைக் குறிக்கும்.

வட்டச் சந்தி என்றவுடன் தமிழ்நாட்டு நேயர்கள் 'ரவுண்டானா' என்று சொல்லியிருப்பர். அந்தச் சொல்லிடத்தில் சற்றுத் தங்குவோம்.

போர்த்துக்கீசியரின் ரொட்டுந்தாவுக்கும் நம் ரவுண்டானாவுக்கும் ஒலி நெருங்கியிருப்பது உண்மை. ஆயினும் ரொட்டி கற்பித்த பாடத்தை மறக்கலாகாது. சென்னையில் மவுண்ட் ரோடும் வாலாசா சாலையும் கூடும் இடம் நெடுங்காலம் 'ரவுண்டு டாணா' என்று வழங்கிற்று; 1968-இல் நிறுவிய அண்ணா சிலை இன்று அங்கே நிற்கிறது. டாணா என்பது காவல் நிலையம். வட்டமான டாணா இருந்த இடம் ரவுண்டு டாணா என்பது சென்னையின் பழங்கதை அறிந்தோர் தரும் விளக்கம். பின்னர் டாணாவை மறந்து, வட்டத்தை மட்டும் நினைத்து, எவ்வூரில் வட்டச் சந்தி அமைந்தாலும் அதனை ரவுண்டானா என்று மக்கள் அழைக்கலாயினர். நமக்கு இவ்விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் மும்பையில் இருக்கிறது.

மும்பையில் சாலைகள் கூடும் இடத்தை 'நாக்கா' என்பர். செம்பூர் நாக்கா உண்டு. தாணேயில் தீன் ஹாத் நாக்கா உண்டு. நாக்கா என்பதற்கு முதற்பொருள் காவலோ சுங்கமோ வாங்கும் சாவடி. சாவடி போயிற்று, சந்தி நின்றது, பெயரும் நின்றது. தமிழ்நாட்டிலும் சாவடி என்று முடியும் இடப்பெயர்கள் சில உள. வழிப்போக்கன் தன்னை நிறுத்திய இடத்தை மறப்பதில்லை. ஆதலால் காவற்சாவடியின் பெயர் சந்திக்கு ஏறுவது இயல்பான நிகழ்ச்சி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மும்பைக் காவலர் சாவடிக்குச் 'சௌக்கி' என்று பெயர். அது நான்கு என்னும் எண்ணடியாகப் பிறந்த சொல், சதுரமானது. சென்னைக் காவலரோ வட்டத்தில் இருந்தனர்.

டாணா என்னும் சொல்லுக்கும் நாம் மும்பைக்குத்தான் வர வேண்டும். மும்பைக்கு வடகிழக்கே உள்ள தாணே நகரத்தின் பெயரும் அதுவே. வட கொங்கணத்தை ஆண்ட சிலாகார மன்னர்களின் பட்டயங்கள் அவ்வூரை 'ஸ்ரீ ஸ்தானகம்' என்று குறிக்கின்றன. ஸ்தானம் என்பது நிற்கும் இடம். அது மக்கள் வாயில் தேய்ந்து வடக்கே தானா ஆயிற்று. மராத்தியில் டாணே, தமிழில் தாணே, டாணா என்றெல்லாம் நின்றது. படை தங்கும் இடத்துக்குத் தாணையம் என்று தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. காவலரை டாணாக்காரர் என்று நம் பாட்டனார் காலத்தில் அழைத்தனர். சுசீந்திரத்து இறைவனைத் தாணு என்பதும், அசையாது நிற்பவன் என்னும் கருத்தால். ஆங்கிலத்தில் 'ஸ்டேஷன்' என்பதும், அதன் மூலமான இலத்தீன் சொல்லும், நிற்றல் என்னும் இதே அடியின் கிளைகள்.

ஆகவே ரவுண்டானா என்னும் அந்தக் கலப்புச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், உருளும் சக்கரம் ஒரு பக்கமும் நிற்கும் இடம் மறுபக்கமுமாக இரண்டு பழஞ்சொற்கள் கைகோத்திருப்பது தெரிகிறது. ஒன்று மேற்கிலிருந்து கடல்வழி வந்தது. மற்றொன்று வடக்கிலிருந்து தரைவழி வந்தது. இரண்டையும் இணைத்தவர் புலவரல்லர். தெருவில் நடந்த சென்னை மக்கள்.

இந்திய மண்ணில் பயணிகளை ஏற்றிய முதற் புகைவண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய்ப் போரி பந்தரிலிருந்து புறப்பட்டுச் சென்று நின்ற ஊரும் தாணேதான். பதினான்கு பெட்டிகள், ஏறத்தாழ நானூறு பயணிகள், 34 கிலோமீட்டர் வழி. சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று பொறிகள் இழுத்தன. அந்த இருப்புப்பாதை பின்னர் நீண்டு தெற்கே சென்றது. அதன் வழியேதான் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தமிழர் மும்பைக்கு வந்தனர். தோல் பதனிடும் தொழிலுக்குத் தாராவிக்கு வந்தவர் சிலர். கணக்கும் தட்டெழுத்தும் கற்று மாட்டுங்காவுக்கு வந்தவர் சிலர். பின்னர் இடம் போதாமல் செம்பூர், முலுந்து, தாணே, டோம்பிவிலி என்று பரவினர்.

ரோந்து என்னும் சொல்லையும் இங்கே சொல்லிவிடலாம். காவலர் இரவில் சுற்றி வருவது ரோந்து. மலையாளத்திலும் இச்சொல் உண்டு. ஆங்கில ரவுண்டு என்பாரும், போர்த்துக்கீசிய 'ரோந்தா' என்பாரும் உளர். இசுப்பானியத்திலுள்ள ரோந்தாவோ, குதிரைக் காவலரைக் குறித்த அரபுச் சொல்லொன்றிலிருந்து வந்து, பின்னர் வட்டத்தின் சாயலை ஏற்றது என்று அகராதியாளர் கூறுகின்றனர். எவ்வாறாயினும் ரோந்து தமிழில் ஒரு வேலைக்கு வந்தது; அவ்வேலையை ஒழுங்காகச் செய்கிறது; வேறெந்தச் சொல்லையும் அது வீட்டைவிட்டு விரட்டவில்லை. ரவுண்டானாவும் அப்படியே. முன்பு நம் ஊர்களில் இல்லாத ஒன்று சாலையில் தோன்றியது. அதற்கு மக்கள் ஒரு பெயர் சூட்டினர். இவ்விரண்டையும் அயற்சொல் என்று சினந்து விலக்குவதில் நமக்கு ஆர்வமில்லை. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழ் நடைக்குச் செய்த நன்மை பெரிது, அதனை மறுப்பவரல்லோம். ஆயினும் சொல்லின் பிறப்பைக் கேட்பதோடு நில்லாமல், அது செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

அந்த அளவுகோலால் வெறும் 'ரவுண்டு' என்பதை அளந்தால் கதை வேறாகிறது.

வடிவத்தின் உருட்சியைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! தட்டையாய் இருப்பது வட்டம். எல்லாப் பக்கமும் திரண்டிருப்பது உருண்டை. நீண்டு உருள்வது உருளை. நடுவில் வெளியிருப்பது வளையம். பருத்தது குண்டு. சில்லு, திகிரி, பரிதி, நேமி என்று செய்யுளுக்குப் போனால் இன்னும் நீளும். வட்டம் என்பது வடமொழி 'விருத்தம்' என்பதன் திரிபு என்று ஒரு சாரார் சொல்வர். அப்படியாயின் அதற்கும் இலத்தீனில், திரும்புதல் என்னும் பொருளுடைய ஒரு வினையின் வழியே உறவினர் உண்டு. வளை என்னும் தமிழ் வேரினின்று பிறந்ததே வட்டம், அதிலிருந்தே விருத்தம் என்பது தேவநேயப் பாவாணரின் கொள்கை. வழக்கு அது அறிஞர் மன்றத்தில் இருக்கட்டும். தமிழன் அச்சொல்லைக் கொண்டு என்னென்ன செய்தான் என்பதே நமக்கு வேண்டுவது. அவன் நிலத்தைப் பிரித்து வட்டம் என்றான். பெரிய பிரிவை மாவட்டம் என்றான். அதனால் வட்டாட்சியர் என்ற பதவிப் பெயரும் வட்டார வழக்கு என்ற கலைச்சொல்லும் கிடைத்தன. உண்ணும் கலம் வட்டில் ஆயிற்று. க.நா.சுப்ரமண்யம் 1963-இல் ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'இலக்கிய வட்டம்' என்று பெயரிட்டார். இலண்டனில் 1930 முதல் நடந்த மாநாட்டை நம் நாளிதழ்கள் வட்டமேசை மாநாடு என்று எழுதின. எவருக்கும் விளங்காமற் போகவில்லை.

இப்படிப் பிரித்தறியும் ஆற்றல் எல்லா மொழிக்கும் அமைவதில்லை. ஆங்கில ரவுண்டுக்குத் தட்டும் ஒன்று, பந்தும் ஒன்று. மராத்தியரும் இந்திக்காரரும் அன்றாடப் பேச்சில் வழங்கும் 'கோல்' என்பதும் அப்படியே. மராத்திப் பள்ளிக் கணக்கில் 'வர்துள்' என்ற சொல் தனியே இருந்தாலும் கடைத்தெருவில் கோல்தான். மும்பைத் தமிழ்ப் பிள்ளை இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் வளர்கிறான். பள்ளியில் ரவுண்டு, தெருவில் கோல். இரண்டும் வட்டத்தையும் உருண்டையையும் ஒன்றாக்குகின்றன. மூன்றாவதாக வீட்டில் கேட்கும் தமிழ் அவ்விரண்டையும் வேறாக்கிக் காட்டியது. இப்போது வீட்டிலும் ரவுண்டு நுழைந்துவிட்டால், அவன் இழப்பது ஒரு சொல்லன்று. இரண்டு பொருளை இரண்டாகக் காணும் பழக்கம்.

ஆங்கிலத்துக்கே இது நேர்ந்ததுண்டு. நார்மானியர் வருமுன் ஆங்கிலேயர் உருண்டையானதைச் 'சினெவெயால்ட்' என்று தம் சொல்லால் குறித்தனர். பிரெஞ்சிலிருந்து ரவுண்டு வந்து ஊன்றியபின் அச்சொல் மெல்லத் தேய்ந்து மறைந்தது. இன்று பழைய ஆங்கிலம் கற்ற சிலரையன்றி அதனை எவரும் அறியார். ஆங்கிலம் அதனால் அழிந்ததா என்று கேட்கலாம். அழியவில்லை. ஆனால் பின்னர் வட்டத்தையும் கோளத்தையும் உருளையையும் தனித்தனியே சொல்ல வேண்டிய தேவை எழுந்தபோது சர்க்கிள், குளோப் என்று இலத்தீனிடமும், ஸ்பியர், சிலிண்டர் என்று கிரேக்கத்திடமும் கடன் வாங்கிற்று. சொந்த வீட்டை விற்றவன் அதே தெருவில் வாடகைக்குக் குடியிருப்பது போன்ற வாழ்வு அது. ஆங்கிலத்துக்குப் பேரரசு இருந்தது, வாடகை கொடுத்தது.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. அத்தகைய பள்ளி ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரோடு அண்மையில் நாம் உரையாடினோம். பூமி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ரவுண்டா இருக்கு டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். சரிதானே என்று முதலில் விட்டுவிடுவாராம். ஒருநாள் அதே விடையைத் தமிழில் எழுதச் சொன்னபோது வகுப்பில் பாதிப்பேர் 'பூமி வட்டமானது' என்று எழுதியிருந்தனர். விடைத்தாளில் பிழையாக நின்றது மொழி மட்டுமன்று, அறிவியலுமே என்பது அப்போது அவருக்குத் தோன்றிற்று. ரவுண்டு என்று சொல்லும்வரை அப்பிழை வெளியே தெரியவில்லை. அச்சொல்லின் மழுங்கலில் அது மறைந்து கிடந்தது.

நாம் கண்ட வரையில் இத்தகைய சொற்களைக் காத்து வருவது அடுக்களையே. எள்ளுருண்டையை எள்வட்டம் என்று சொன்ன தாய் எவரும் இல்லை. மாவை உருண்டை பிடி என்பார்கள். பிடித்ததை வட்டமாகத் தட்டு என்பார்கள். இரண்டு சொல்லும் இரண்டு தொழில். உருளி என்னும் பாத்திரம் வேறு, வட்டில் வேறு. பொருள்விளங்கா உருண்டை என்று ஒரு பண்டம்கூட உண்டு. பொருள் விளங்காவிட்டாலும் வடிவம் விளங்க வேண்டும் என்று பெயரிட்டவர் கருதினார் போலும்! முலுந்திலும் டோம்பிவிலியிலும் நாலாவது மாடிச் சமையலறைகளில் இச்சொற்கள் இன்றும் வழங்குகின்றன. அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தவுடன், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அவை ரவுண்டு ஆகிவிடுகின்றன.

மேற்சொன்ன ஆசிரியை இதற்கு ஒரு வழி கண்டார். பிள்ளைகளை வையவில்லை, ரவுண்டு என்ற சொல்லைத் தடுக்கவுமில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு 'ரவுண்டு' கொண்டுவரச் சொன்னார். வளையல் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, பூரிக்கட்டை வந்தது, எவர்சில்வர்த் தட்டு வந்தது. தாராவிக் கும்பார்வாடாவில், குயவர் சக்கரங்கள் சுழலும் சந்துக்கு அருகே குடியிருக்கும் சிறுவன் ஒருவன், சுட்ட அகல்விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, ரவுண்டு என்று சொல்லாமல் ஒவ்வொன்றையும் சொல்லுங்கள் என்றார். வளையம் உடனே வந்தது. உருண்டையும் வந்தது. தட்டுக்கு வட்டம் என்றார்கள். பூரிக்கட்டைக்கு உருளை என்று சொல்ல ஒரு சிறுமிக்குத் தெரிந்திருந்தது. "உருளைக்கிழங்கு மாதிரி டீச்சர்" என்றாள். அகலுக்கு மட்டும் யாருக்கும் சொல் கிடைக்கவில்லை. அது வட்டமா, உருண்டையா, குழிந்ததா என்று வகுப்பில் மணி அடிக்கும்வரை வாதம் நடந்தது. ஆசிரியை முடிவு சொல்லவில்லை.